லேசான தோட்டா

துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கியைக் கண்டால் பயம் இருக்காது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தோட்டாக்காவுக்கு இருந்தது. இன்னும் சொன்னால், அந்தப் பயத்துக்குத்தான் முதலாளி அவளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்; அது அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

கடையின் பின்பகுதியில், இரும்புக் கம்பித் தடுப்புக்கு அந்தப்புறம், கால் எட்டாத உயர நாற்காலியில் உட்கார்ந்து தோட்டா விற்பவள் அவள். கணக்கு எழுதத்தான் வந்தாள். சும்மா இருக்கிற நேரத்தில் தோட்டாப் பெட்டிகளின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்க ஆரம்பித்தாள். அதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்ததும் அவளுக்குத் தூக்கி வாரிப்போட்டது. அன்றோடு கணக்கு வேறொருவர் கைக்குப் போனது, தோட்டா இவள் கைக்கு வந்தது. நரைத்த வாடிக்கையாளர்கள்கூட 'அக்கா' என்றார்கள். பிறகு 'தோட்டாக்கா' ஆனாள். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

என்ன சுடப் போகிறீர்கள் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. துப்பாக்கிக்கு என்ன வயது என்றுதான் கேட்பாள். புதுத் துப்பாக்கிக்காரர்களுக்குப் பெட்டி உடனே கிடைத்துவிடும். பழைய இரட்டைக்குழல் என்று வாய் திறந்தவர் மாட்டிக்கொண்டார். குழலின் அடியில் என்ன முத்திரை இருக்கிறது, தோட்டா உட்காரும் அறை எவ்வளவு நீளம், குழல் இரும்புப் பட்டையை முறுக்கிச் செய்ததா, கடைசியாக யார் பார்த்தது, அவர் நிஜமாகவே பார்த்தாரா என்று குறுக்கு விசாரணை நடக்கும்.

"என்ன அக்கா, பொண்ணு கேட்டுப் போனப்போகூட என்னை இவ்வளவு கேள்வி கேக்கல" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார்.

"அங்க கேட்டிருந்தா அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும்" என்றாள் தோட்டாக்கா. அவர் சிரித்துவிட்டு முத்திரையைப் பார்க்க வீட்டுக்குப் போனார். அவர் மனைவி பின்னொரு நாள் கடைக்கு வந்து தோட்டாக்காவைப் பார்த்துவிட்டு மட்டும் போனாளாம்.

வீட்டிலும் இதே கதைதான். பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவாள், காய்ச்சியபின் ஒருமுறை மோப்பாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுப்பாள். அவள் கணவர் பம்பு ரிப்பேர்க்காரர், கிணற்றுக்குள் இறங்குகிற ஆள், அதனால் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர். "என்னையும் ஒருநாள் மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடப்போறா" என்பார்.

"தினமும் அதானே பண்றேன்" என்பாள் அவள்.

இப்படிப்பட்டவளின் சொந்தக் குடும்பத்திலேயே ஒரு கிழட்டுத் துப்பாக்கி இருந்தது. அவள் அப்பாவுடையது, அப்பாவைவிட வயதானது. அப்பா போனபின் அது தங்கை வீட்டுக்குப் போயிற்று. தங்கை கணவர் பெயருக்கு லைசென்ஸ் மாற்றிக் கிடைத்ததால் அப்படி. அந்த மனிதரைக் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். தலை வழுக்கையாகியும் மாப்பிள்ளைதான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாளைக்கு நமக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிப் பாலிசி விற்பவர், தன் விஷயம் என்று வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்பார். இரண்டையும் மனதார நம்பினார் என்பதுதான் அவரிடம் உள்ள அதிசயம்.

மாப்பிள்ளை ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து கம்பித் தடுப்பில் முழங்கையை ஊன்றினார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கிளப்புல பழைய துப்பாக்கிக்குன்னே தனிப் போட்டி. மண் தட்டு தூக்கி வீசுவாங்க, சுடணும். மாமாவோடத எடுத்துட்டுப் போறேன். நல்லா ஸ்ட்ராங்கா ஒரு பெட்டி குடுங்க."

"துப்பாக்கிய கொண்டாங்க மாப்பிள்ளை. பாத்துட்டுச் சொல்றேன்."

"தோட்டா கேட்டா துப்பாக்கி கேக்குறீங்களே?"

"செருப்பு வாங்குறவங்க கால கொண்டு வரமாட்டாங்களா?"

மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அதெல்லாம் எதுக்கு அக்கா. ஏற்கெனவே ஒன்ன போட்டுப் பாத்துட்டேன். கச்சிதமா உக்காருது. மூடினா டக்குனு மூடுது."

ஏற்கெனவே போட்டுப் பார்த்தாரென்றால் ஏற்கெனவே தோட்டா இருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு, கச்சிதமாக உட்காருகிறது என்ற வார்த்தை. இந்தத் தொழிலில் கையையும் கன்னத்தையும் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் அதற்கு முந்தின நிமிடம் சொன்ன வார்த்தை அதுதான்.

அவள் ஒரு தோட்டாவை எடுத்து அதன் வாயைக் காட்டினாள். பூவின் மொட்டு மாதிரி உள்நோக்கி மடிந்திருந்தது. "இது மடிச்சிருக்குறப்போதான் குட்டை. சுட்ட உடனே இந்த மடிப்பு விரியும். எழுபது மில்லிமீட்டர்னு பெட்டியில போட்டிருக்கிறது விரிஞ்ச நீளம். பழைய துப்பாக்கியில அறை அறுபத்தஞ்சுதான் இருக்கும். போடும்போது இடிக்காது, சமத்தா உள்ள போகும். சுடும்போது விரியறதுக்கு இடமிருக்காது, உள்ள இருக்கிற ரவைக் குண்டு வெளிய வர்ற வழியையே அடைக்கும். அழுத்தம் எங்க போகும்? உங்க மூஞ்சி பக்கம்தான்."

"அப்படியா?" என்றார் மாப்பிள்ளை, பாலிசி வேண்டாம் என்பவர்கள் அவரிடம் சொல்கிற அதே குரலில். "யோசிச்சுச் சொல்றேன் அக்கா." போய்விட்டார்.

தோட்டாக்கா நேராக முதலாளியிடம் போனாள். "இந்த வாரம் நான் சாப்பிடப் போன நேரத்துல வழுக்கையா ஒருத்தருக்குத் தோட்டா வித்தீங்களா?"

"கேட்டாரு, குடுத்தேன். நல்ல வேகமானதா கேட்டாரு. ஏன்?"

"அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"அடடா, முன்னாடியே சொல்லியிருந்தா விலை கொறைச்சிருப்பேனே" என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு.

மாப்பிள்ளை அவள் இல்லாத நேரம் பார்த்து வந்து வாங்கியிருக்கிறார். அப்புறம் எதற்கு மறுபடி வந்தார்? அவள் முகத்தைப் பார்த்து எதையோ உறுதி செய்துகொள்ள வந்திருக்கிறார். எதை? அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனவளுக்குப் போனிலேயே பதில் காத்திருந்தது.

"துப்பாக்கிய கடைக்குக் கொண்டு வரச் சொன்னியாமே" என்றாள் தங்கை. வணக்கமும் இல்லை, சாப்பிட்டாயாவும் இல்லை.

"அளந்து பாக்கத்தான்டி."

"உள்ள போனா அப்புறம் வெளிய வருமா? இது சரியில்ல, அது ஆபத்து, இங்கேயே இருக்கட்டும்னு சொல்லுவ. அப்பா போனப்போ அந்தத் துப்பாக்கி எனக்கு வேணும்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அப்பவே சந்தேகம்."

"கேக்காததுக்கா சந்தேகம்?"

"வேணும்ங்கறவ கேப்பா. ரொம்ப வேணும்ங்கறவதான் கேக்காம இருப்பா."

போனை வைத்தபிறகு தோட்டாக்கா வெகுநேரம் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு வந்தது வேறு ஒன்று. தங்கையின் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் இடத்தில் இருந்தால் இவளும் அப்படித்தான் யோசித்திருப்பாள். பிடிவாதமாக ஞாயிற்றுக்கிழமை தடுத்தால் தங்கை போவாள். தடுக்காவிட்டால் தங்கையின் புருஷன் போவார்.

"ரெண்டுல எது பரவாயில்ல?" என்றார் பம்பு ரிப்பேர்க்காரர், நிலைமையை லேசாக்க.

"வாய மூடுங்க" என்றாள். பிறகு, "நாளைக்கு என்கூட வாங்க" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் போனார்கள். தோட்டாக்கா கையில் மாப்பிள்ளை பேருக்கே பில் போட்ட ஒரு பெட்டி: அறுபத்தைந்து நீளம், ரவை குறைவு, அழுத்தமும் குறைவு. ரவை ஈயம்; இரும்பு ரவையைப் பழைய குழல் தாங்காது. கடையில் இருந்ததிலேயே லேசானது. சுடும்போது தோளில் இடிக்கிற உதைப்பு மட்டும் குறைந்தால் போதாது, அறைக்குள் அழுத்தமும் குறைய வேண்டும், இரண்டும் ஒன்றல்ல என்று பெட்டியின் பொடி எழுத்து அவளுக்கு என்றோ சொல்லிக் கொடுத்திருந்தது.

தங்கை துப்பாக்கியை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்து சோபாவில் வைத்தாள். தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தோட்டாக்காவின் கைப்பை கதவுக்கு அருகில் இருந்ததை எடுத்து உள்ளே தள்ளி வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய இரட்டைக்குழல் அந்தப் பைக்குள் போகாது என்றும் யாரும் சொல்லவில்லை.

தோட்டாக்கா பித்தளை அளவுகோலைக் குழலுக்குள் விட்டாள். அறுபத்தைந்து. இரண்டு குழலிலும் அதே. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார், இன்னொருமுறை விடச் சொன்னார், கடைசியில் தானே விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முதலாளியிடம் வாங்கிய எழுபதுப் பெட்டியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார்.

"சரி அக்கா. உங்களோடதே போடுறேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தங்கை டீ போட எழுந்தாள், சர்க்கரை எவ்வளவு என்றுகூடக் கேட்டாள். சகலைகள் இருவரும் மண் தட்டு எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். இதுதான் தோட்டாக்காவுக்குப் பிடிக்கவில்லை. எந்தக் காரியமும் இவ்வளவு சுலபமாக முடிந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. சுலபமாக முடிந்தால் ஏதோ ஒன்றைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இரும்பைப் பார்த்தாயிற்று. மரத்தை?

மரம் பளபளவென்று இருந்தது. இரும்பும் மரமும் சேருகிற இடத்தில் மட்டும் கருப்பு, ஈரக் கருப்பு.

"எண்ணெய் போடுறீங்களா மாப்பிள்ளை?"

"வாரா வாரம்!" மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாமா எப்படிப் போட்டாரோ அப்படியே. குழல் நெறைய விட்டு, தொடச்சு, பீரோவுல நேரா நிக்க வச்சிடுவேன். மாமா ஆயுசு பூரா அப்படித்தானே வச்சிருந்தாரு."

தோட்டாக்காவுக்குத் தெரியும், அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். அதனால்தான் அவளுக்கு அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், நன்றாகப் பார்த்துக்கொள்வதைச் சந்தேகப்பட மறந்துபோனாள். குழல் மேலே பார்த்து நின்றால் எண்ணெய் எங்கே போகும்? கீழேதான் இறங்கும். கீழே மரம். அப்பா ஆயுசு முழுக்கவும் மாப்பிள்ளை அதற்குப் பிறகும் ஊற்றியதை அந்த மரம் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்திருக்கிறது.

கட்டைவிரல் நகத்தை அந்தக் கருப்பில் வைத்து அழுத்தினாள். சோப்புக் கட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. கை பிடிக்கிற ஒடுங்கலான இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடியது. முடிதான் என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை.

டீ வந்தது. டம்ளரை வாங்காமலே சொன்னாள். "மாப்பிள்ளை, இதுல இதையும் போட வேண்டாம். எதையும் போட வேண்டாம்."

தங்கை தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் டீ சிந்தியது. "நான் சொல்லல? நான் சொன்னேனா இல்லையா?"

"குழல் நல்லா இருக்குடி. கட்டை ஊறிப்போச்சு. உதைக்கிறப்போ இரும்பு பின்னால வந்து மரத்துல இடிக்கும். லேசான தோட்டாவா இருந்தாலும் உதைப்பு இல்லாம இருக்காது. அது பிளந்தா…"

"நீ கொண்டு வந்த தோட்டா. நீ அளந்த அளவு. இப்ப நீயே வேண்டாம்ங்கற. அடுத்து என்ன, கடையில குடுத்துக் கட்டை மாத்தணும்ப. அதுக்குத்தானே இவ்வளவும்?"

கட்டையை மாற்றத்தான் வேண்டும். அதைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் கிடைக்காது. மாப்பிள்ளை துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார், கன்னம் சரியாக அந்தக் கருப்புக்குப் பக்கத்தில் படிந்தது. "பாறை மாதிரி இருக்கு அக்கா. உங்களுக்கு எதைப் பாத்தாலும் பயம்."

"டயர்ல கட்டுங்க" என்றாள் தோட்டாக்கா.

கிளப்பில் அந்த வழக்கம் உண்டு. வயது தெரியாத துப்பாக்கியை முதலில் ஆள் தொடாமல் சுடுவார்கள். ஒரு லாரி டயரில் அடிக்கட்டையைச் சாய்த்து, குழலைக் கயிற்றால் கட்டி, விசையில் நீளமான கயிறு மாட்டி மறைவிலிருந்து இழுப்பார்கள். மாப்பிள்ளைக்கு அது தெரியும். தன் துப்பாக்கிக்கு எதற்கு என்பதுதான் அவர் கட்சி.

"சகலை, கட்டுறதுல என்ன போச்சு?" என்றார் பம்பு ரிப்பேர்க்காரர். "நான்கூடப் புது பம்ப ஆள் இல்லாமத்தான் முதல்ல ஓட்டிப் பாப்பேன்."

"அக்காவே கட்டினா உடையத்தானே செய்யும்" என்றாள் தங்கை. அவளுக்கு இப்போது ஒரு புது எண்ணம் வந்துவிட்டது: தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று அக்கா நினைக்கிறாள். "கட்டுங்க. ஆனா நான்தான் கட்டுவேன். நான்தான் தோட்டா எடுப்பேன். நான்தான் இழுப்பேன். நீ கிட்டயே வரக்கூடாது."

"வரல" என்றாள் தோட்டாக்கா. "நல்ல யோசனை."

அந்த இரவு துப்பாக்கி தங்கையின் கட்டிலுக்கடியில் தூங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் மைதானத்தில் பழைய துப்பாக்கிக்காரர்கள் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் பாராட்டிக்கொண்டும் உள்ளுக்குள் குறை சொல்லிக்கொண்டும் நின்றார்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பான மீசைக்காரர் டயரை உருட்டி வந்தார். தங்கை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றை வாங்கினாள். முடிச்சு எப்படிப் போடுவது என்று மீசைக்காரர் சொன்னதை அவள் நம்பவில்லை. இரண்டு முடிச்சு அதிகம் போட்டாள். அக்கா கொண்டு வந்த பெட்டியை எடுத்து, மேல் வரிசையை விட்டு, நடு வரிசையில் கையை விட்டு ஒன்றை உருவினாள். மேலே இருப்பது வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம் அல்லவா.

தோட்டாக்கா மைதானத்து வேலி ஓரத்தில் நின்றாள். உடைய வேண்டும் என்று மனசு கேட்டது. உடையாமல் போனால் மாப்பிள்ளை அடுத்த தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தே சுடுவார், அப்போது உடையும். உடைந்தால் உடைத்தவள் இவள். உடையவில்லையென்றாலும் பொய்க்காரி இவள். எப்படியும் கெட்ட பெயர் நிச்சயம் என்று ஆனதும், ஆச்சரியமாக, கொஞ்சம் நிம்மதி வந்தது.

டயர் பக்கம் நின்ற எல்லோரும் மண் மேட்டுக்குப் பின்னால் போனார்கள். தங்கை இழுத்தாள்.

சத்தம் சாதாரணமாகத்தான் இருந்தது. லேசான தோட்டா, லேசான சத்தம். அதற்குள்ளேயே இன்னொரு சத்தம், விறகு முறிகிற மாதிரி. புகை விலகியபோது குழல் கட்டிய இடத்தில் கட்டியபடி இருந்தது. அடிக்கட்டை டயரை விட்டு ஒருபக்கம் கிடந்தது. கை பிடிக்கிற இடம் நீளவாட்டில் பிளந்து, கத்தி நீளத்துக்கு ஒரு சிராய் கன்னம் இருக்க வேண்டிய உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை தன் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"சகலை, கன்னத்துக்குப் பாலிசி போட்டிருக்கீங்களா?" என்றார் பம்பு ரிப்பேர்க்காரர்.

மாப்பிள்ளை டயர் வரை போய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை நடந்து வந்து சிராயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு வேலி ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. எல்லோரும் நன்றியை எதிர்பார்த்தார்கள்.

"ஆனா அந்தத் தோட்டா நீ கொண்டு வந்ததுதானே?" என்றாள்.

மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தோட்டாக்காவுக்கு மட்டும் அந்தக் கேள்வி தவறாகப் படவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான். பெட்டி பெட்டியாகத் தோட்டா விற்றிருக்கிறாள். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"ஆமா, நான்தான் கொண்டு வந்தேன்" என்றாள். "சந்தேகமா இருந்தா மிச்சத்துல ஒன்ன அறுத்துப் பாரு. மாப்பிள்ளை வாங்கினதையும் அறு. நான் தொடமாட்டேன்."

மீசைக்காரர் அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போய்ப் பேனாக்கத்தியைக் கொடுத்தார். தங்கை இரண்டு தோட்டாவையும் வாய்ப்பக்கம் தானே அறுத்தாள். ஒன்றின் ரவையை ஒரு காகிதத்தில் கொட்டினாள், மற்றதை இன்னொன்றில். தராசு வேண்டியிருக்கவில்லை. புருஷன் வாங்கியதன் குவியல்தான் பெரிதாக இருந்தது. பிறகு உடைந்த கட்டையை எடுத்து, கருத்த இடத்தில் தன் நகத்தை வைத்து அழுத்தினாள். இறங்கியது. விரலை மோந்து பார்த்தாள்.

"இது அப்பா ஊத்துனதா?"

"அப்பாவும் ஊத்தினார். உன் வீட்டுக்காரரும் ஊத்தினார்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துத்தான். டீ வர்றதுக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

தங்கை அக்காவின் முகத்தை, பெட்டியின் பொடி எழுத்தைப் படிப்பதுபோலப் படித்தாள். "நம்பலாமா?"

"வேண்டாம்" என்றாள் தோட்டாக்கா. "ஆனா புதுக் கட்டை போடணும். நல்ல தச்சர் இருக்கார். குடுத்தா…"

"இந்தா." தங்கை உடைந்த மரத்தை நீட்டினாள். "கட்டைய நீ எடுத்துட்டுப் போ. குழலும் இரும்பும் என்கிட்டதான் இருக்கும்."

"இரும்பு இல்லாம எதுலடி பொருத்திப் பாப்பாங்க?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நானும் வரேன். அவர் செய்யற வரைக்கும் பக்கத்துலயே உக்காருவேன்."

"ரொம்ப நாள் ஆகும்."

"ஆகட்டும்."

அப்படியே ஆயிற்று. இப்போது அந்தத் தச்சுப் பட்டறையில் அக்கா ஒரு மூலையில், தங்கை ஒரு மூலையில். தச்சர் உளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இருவரும் ஒரே சமயத்தில் எழுந்து வந்து பார்க்கிறார்கள். போன வாரம் அவர் பொறுக்கமுடியாமல், அம்மா, நீங்க ரெண்டு பேரும் யாருக்காக வர்றீங்க என்று கேட்டிருக்கிறார்.

"இவளைப் பாத்துக்கத்தான்" என்று இருவரும் சொன்னார்களாம்.